ரத்து என்று சொல்லாதவர்

எங்கள் டீன் சார் எதையும் ரத்து செய்ய மாட்டார். கோத்தகிரி ரோட்டில் மண் சரிந்து, மின்கம்பம் சாய்ந்து, கல்லூரிப் பேருந்து மேட்டுப்பாளையத்திலேயே நின்றுவிட்ட நாளில்கூட, கறுப்புக் கோட்டும் சிவப்பு டையுமாக வாசலுக்கு வந்தார். இரண்டு கைகளையும் வயிற்றுக்கு நேராகக் கோத்துக்கொண்டு, "இன்றைய முதல் வகுப்பு சற்றுத் தாமதமாகிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றார். அந்த வகுப்பு இன்றுவரை நடக்கவில்லை. நான் வேறு கல்லூரியில் படிப்பை முடித்து வேலைக்கும் வந்துவிட்டேன். அவரைக் கேட்டால் அது இன்னும் தாமதத்தில்தான் இருக்கிறது என்பார்.

கோவைக்காரர். குள்ளமான ஆள்தான், ஆனால் நிற்கிற விதத்தில் அது தெரியாது. பல ஊர் விமான நிலையங்களில் கவுண்டருக்குப் பின்னால் நின்று பழகிய உடம்பு. அவர் வேலை பார்த்த விமானக் கம்பெனி ஒருநாள் மூடிப்போனது. மூடிய அன்றைக்கும் சாயங்காலம்வரை "விமானம் தாமதம்" என்று சொல்லிக்கொண்டு நின்றவர் இவர்தான் என்று எங்கள் ஹாஸ்டலில் ஒரு கதை உண்டு. யார் கிளப்பிவிட்டது என்று தெரியாது. அவரோடு ஒரு வாரம் இருந்தவர்கள் அதை நம்பாமல் இருக்க மாட்டார்கள்.

விமானத்துக்கும் விண்வெளிக்கும் மட்டுமே என்று ஒரு பல்கலைக்கழகம். அதுவும் எங்கே? கோத்தகிரிக்கு மேலே, மூடிக்கிடந்த ஒரு தேயிலை ஃபேக்டரியில். இதைச் சொன்னால் இப்போது என்னோடு வேலை பார்ப்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நீலகிரியில் பனிமூட்டம் இல்லாத நாளில் காற்று இருக்கும். காற்றும் இல்லாத நாளில் மழை இருக்கும். ஓடுபாதை போட வேண்டுமென்றால் ஏதாவது ஒரு மலையின் தலையைச் சீவ வேண்டும். விமானம் இறங்கவே முடியாத இடம் எது என்று நாடு முழுக்கத் தேடி அலைந்து கண்டுபிடித்தது போல் இருந்தது. காரணம் வேறொன்றும் இல்லை. எங்கள் தாளாளர் கீழே சமவெளியில் மனை விற்கிறவர். ஃபேக்டரி அவருக்கு மலிவாகக் கிடைத்தது.

ஊர்க்காரர்களுக்கு அது 'பிளேன் காலேஜ்'. பேருந்து நடத்துநர் ஒவ்வொரு முறையும், "பிளேன் காலேஜ் எல்லாம் எறங்குங்க. சீக்கிரம் போங்க, பிளேன் கெளம்பிரப் போகுது" என்பார். பேருந்தே சிரிக்கும். நாங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு இறங்குவோம்.

நான் பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட் பிள்ளை. அப்பா சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு கப்பலேறி வந்தவர். வந்த இடத்திலும் தேயிலைதான். அம்மா கொழுந்தெடுப்பவள். பிளஸ் டூ முடித்த சமயம் யாரோ ஒரு விளம்பரத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நீல உடுப்புப் போட்ட ஒரு பெண் விமானத்தின் முன்னால் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான், தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயமே நான் வானத்துக்குப் போவதாக முடிவுகட்டிவிட்டது. அப்பா வங்கிக் கடனுக்கு அலைந்தார். நான் படிக்கப்போவது விமான நிலைய நிர்வாகமும் விமானப் பராமரிப்பும்தான், ஓட்டுவதற்கு அல்ல என்று தொண்டை வற்றக் கத்திப் பார்த்தேன். "ஓட்டாம எப்புடி நிர்வாகம் பண்ணுவ?" என்று பக்கத்துக் காம்பரா வீட்டு அக்கா கேட்டாள்.

பெயர்ப்பலகையில் பல்கலைக்கழகம் என்று பெரிதாக இருந்தது. அரசாங்க அங்கீகாரம் மட்டும் வரவேண்டியிருந்தது. அது வராவிட்டால் நாங்கள் வாங்கப்போகும் பட்டத்தைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டலாம், வேலைக்குக் காட்ட முடியாது. சேர்ந்த முதல் நாளே ஒரு பையன் எழுந்து இதைக் கேட்டான். டீன் சார் அவன் கண்ணைப் பார்த்து, அவன் ஊரை விசாரித்து, அவன் அப்பா பெயரைச் சொல்லி நலம் கேட்டு, கடைசியில், "அங்கீகாரம் கெளம்பிருச்சுங்க தம்பி. வர்றதுக்குக் கொஞ்சம் தாமதமாகுது" என்றார். அவன் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

அப்போது தேநீரும் ஊட்டி வர்க்கியும் வந்தன. விமானம் தாமதமானால் பயணிகளுக்கு ஏதாவது தின்னக் கொடுக்க வேண்டும் என்பது அவர் பழைய தொழிலின் சட்டம். அதை அப்படியே மலைக்குக் கொண்டுவந்திருந்தார். ஆகவே கல்லூரியில் எப்போது வர்க்கி வந்தாலும் ஏதோ ஒன்று வரப்போவதில்லை என்று அர்த்தம். முதல் வருஷ முடிவில் எங்கள் எல்லோருக்கும் கன்னம் உப்பியிருந்தது.

கொழுந்தைப் பரப்பி வாட வைக்கும் மாடிதான் எங்கள் வகுப்பறை. அங்கே நீள நீளத் தொட்டிகளும் அவற்றுக்குக் காற்றடிக்கும் ராட்சத விசிறிகளும் அப்படியே இருந்தன. ஒரு விசிறிக்கு முன்னால் மரத்தில் செய்த இறக்கையைக் கயிற்றில் தொங்கவிட்டு, 'காற்றுச் சுரங்க ஆய்வகம்' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். விசிறியைப் போட்டால் இடுக்குகளில் கிடந்த பழைய தேயிலைத் தூசி மொத்தமும் கிளம்பும். இறக்கை மேலே எழும்புகிறதா என்று யார் கண்ணைத் திறந்து பார்த்தார்கள்? தும்மிக்கொண்டே காற்றியக்கவியல் படித்தோம். விடுமுறையில் போய்ச் சொன்னபோது அம்மா, "நா கொழுந்த அனுப்புனேன், அவுங்க புள்ளயப் போட்டு வாட்டுறாங்களா?" என்றாள்.

விமானம் ஒன்றும் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பாவம். எங்கோ காயலான் கடைக்குப் போகவிருந்த சின்ன விமானத்தின் உடம்பை மட்டும் நீளமான லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். லாரி மலைப்பாதையில் ஒரு வளைவில் திரும்ப முடியாமல் குறுக்கே மாட்டிக்கொண்டது. மேலே கேரட் லாரிகள், கீழே சுற்றுலாக் கார்கள். ஒரே ஹாரன் சத்தம். டீன் சார் கோட்டைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொரு வண்டியாகப் போனார். கண்ணாடியைத் தட்டி, "ஏனுங்க, சின்னத் தாமதம். விமானம் குறுக்க நிக்குதுங்க" என்றார். சண்டை போட இறங்கியவர்களெல்லாம் அந்த வாக்கியத்தைக் கேட்டு வாயடைத்துப் போனார்கள். பையன்கள் பின்னாலேயே வர்க்கிப் பொட்டலத்தோடு போனார்கள். ஒரு கல்யாண கோஷ்டி அங்கேயே பாட்டுப் போட்டு ஆட ஆரம்பித்தது. இறக்கைகள் அடுத்த லாரியில் வருவதாகச் சொன்னார்கள். அவற்றைப் பற்றி நான் சொல்லவும் வேண்டுமா?

இறக்கையில்லாத அந்த உடம்பு ஃபேக்டரி முற்றத்தில் கிடந்தது. ஒருநாள் காலையில் செய்முறை வகுப்புக்குப் போனால் உள்ளே கரடி. எங்கள் பக்கம் கரடி வருவது அதிசயமில்லை. சமையலறை, கோயில், ரேஷன் கடை என்று எண்ணெய் வாசம் எங்கே அடித்தாலும் புகுந்துவிடும். இது கதவு திறந்திருந்ததால் ஏறி, இருக்கைகளின் பஞ்சைப் பிய்த்துப் போட்டுவிட்டு ஜன்னல் வழியே எங்களைப் பார்த்தது. டீன் சார் தூரத்தில் நின்றபடி, "இயக்கக் காரணங்களால் செய்முறை வகுப்பு தாமதமாகிறது" என்றார்.

"சார், உள்ள கரடி சார்!"

"பாத்தேன் தம்பி. அது எறங்குனதும் நம்ம ஏறலாம்."

இப்படியெல்லாம் சொல்வதால் அவரை ஏமாற்றுக்காரர் என்று நினைத்தால் நான் சண்டைக்கு வருவேன். ஒரு பொங்கல் விடுமுறைக்கு நான் ஊருக்குக் கிளம்பியபோது கோத்தகிரிப் பேருந்து பழுதாகி நின்றுவிட்டது. அவர் தன் பழைய காரில் என்னை ஊட்டி நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டார். பந்தலூர் வண்டி எங்கள் கண் முன்னாலேயே வளைந்து போனது. "போகலீம்மா, இன்னொண்ணு தாமதமா வரும்" என்றார். அடுத்த வண்டி வரும்வரை குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு என்னோடேயே நின்றார். எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார். அம்மாவுக்குப் போன் போட்டு, "பொண்ணு கெளம்பிருச்சுங்கம்மா" என்றார். என் சொந்தத்தில்கூட யாரும் எனக்காக அப்படி நின்றதில்லை. அவரைப் பற்றி எவ்வளவு கேலி பேசினாலும் இந்த இடம் வரும்போது நிறுத்திவிடுவேன்.

பயணிகளைக் கையாளுவது என்பது அவர் எடுத்த பாடம். அதில் மட்டும் அவரை அடிக்க ஆளில்லை. ஒருநாள் சொன்னார்: "கவுண்டர்ல நிக்கறப்ப ரத்துன்னு மட்டும் வாயில வரக்கூடாதுங்க. ரத்துன்னா எந்திரிச்சு வந்து நம்ம சட்டையப் புடிப்பாங்க. தாமதம்னா போயி அவங்க சீட்டப் புடிச்சுக்குவாங்க."

"அப்புறம் எப்ப சார் உண்மையச் சொல்றது?" என்று கேட்டேன்.

"அவங்களே புரிஞ்சுக்குவாங்கம்மா. மெதுவ்வா. வலிக்காம."

வகுப்பே குறிப்பெடுத்துக்கொண்டது. எங்களைத்தான் அந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இரண்டாம் வருஷத்தில் ஆசிரியர்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். காற்றியக்கவியல் சார் குன்னூரில் தங்கும் விடுதி தொடங்கினார். இன்ஜின் பாடம் எடுத்தவர் சொல்லாமல் போனார். ஒவ்வொரு முறையும் ஆசிரியர் வருகை தாமதம் என்று அறிவித்துவிட்டு அந்தப் பாடத்தையும் டீன் சாரே எடுத்தார். வருஷக் கடைசியில் பல்கலைக்கழகம் முழுவதும் ஒரே கறுப்புக் கோட்டுக்குள் இருந்தது. அவருக்கே சம்பளம் வந்து வெகுநாள் ஆகிறது என்று மெஸ் அக்கா சொன்னாள்.

இந்தச் சமயத்தில்தான் காற்றியக்கவியல் சார் எங்களுக்குப் போன் செய்தார். கோவையில் அங்கீகாரம் உள்ள ஒரு கல்லூரி எங்களை மறுபடியும் இரண்டாம் வருஷத்தில் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தது. டி.சி.யோடு வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அதன் பிறகு கதவு மூடிவிடும். போனால் எங்களுக்கு ஒரு வருஷம் வீண். இங்கே அங்கீகாரம் வந்துவிட்டால் போனவர்கள் முட்டாள்கள். வராவிட்டால் இருப்பவர்களுக்கு இரண்டு வருஷமும் போச்சு, வங்கிக் கடன் மட்டும் மிச்சம். எனக்கு ராத்தூக்கம் போய்விட்டது. எங்கள் குடும்பத்தில் இன்னொரு முறை கடன் வாங்கவோ இன்னொரு பிள்ளை படிக்கவோ வழியே கிடையாது. வருமா வராதா என்று தெரிந்தவர் இந்த மலையில் ஒருவர்தான்.

வியாழக்கிழமை அவர் அறைக்குப் போனேன். தாளாளரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் இரண்டு பக்கமும் கேட்டது. என்னை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"சார், ஃபைல் திரும்பி வந்துருச்சுன்னு சொல்றாங்க. நெசமுங்களா?" என்று கேட்டார்.

அந்தப் பக்கம் தேன் ஒழுகியது. "டீன், ஊட்ல எல்லாரும் சௌக்கியங்களா? பையன் ஸ்கூல் போறானுங்களா? அங்கீகாரமெல்லாம் ஒண்ணும் ஆகலீங்க. சின்னத் தாமதம். உங்க சம்பளமும் அப்படித்தானுங்க. வந்துட்டே இருக்குது."

குடும்பத்தை விசாரித்து, பையனை விசாரித்து, பிறகு தாமதம். டீன் சார் ஊர் ஊராக நின்று சொன்ன வாக்கியத்தை ஒருவர் அவருக்கே சொல்கிறார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. போனை வைத்தார். நான் கேட்க வந்ததைக் கேட்கவே இல்லை.

"நாளைக்கு வெடியால அப்பாவ வரச் சொல்லும்மா" என்றார். "எல்லார்த்தையும் வரச் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை காலை மாடி நிறையப் பெற்றோர். கோத்தகிரிக்காரர்கள், குன்னூர்க்காரர்கள், கீழே காரமடையிலிருந்து வந்தவர்கள். அப்பா பந்தலூரிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வந்து கம்பளித் தொப்பியைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். டீன் சார் வந்தார். கோட்டும் இல்லை, டையும் இல்லை. சாயம் போன ஒரு ஸ்வெட்டர். மேசை மேல் எங்கள் டி.சி.க்களை வைத்தார். தண்ணீர் குடித்தார். பிறகு சொன்னார்:

"அங்கீகாரம் வராதுங்க. முடியாதுன்னு எழுதி அனுப்பிச்சுட்டாங்க. தாமதமில்லீங்க. இந்தக் காலேஜ் ரத்துங்க. டி.சி. எல்லாம் இங்க இருக்குது. எடுத்துக்கிட்டு இப்பவே கோயமுத்தூர் போங்க. சாயங்காலத்துக்குள்ள போயிரோணும்."

நான் கூச்சலை எதிர்பார்த்தேன். சட்டையைப் பிடிப்பார்கள், நாற்காலி பறக்கும் என்று நினைத்தேன். முன்வரிசையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "பாவம், சம்பளம் வரலையாம். மனசு விட்டுட்டாரு" என்று பரிதாபத்தோடு சொன்னார். அப்படியே அது வரிசை வரிசையாகப் பின்னால் போனது. எல்லோரும் தலையாட்டினார்கள். குன்னூர் அம்மா ஒருத்தி தன் மகனிடம், "சாருக்கு ஒரு டீ வாங்கியா" என்றாள்.

ஒருவரும் எழவில்லை.

"ஏனுங்க, நான் சொல்றது புரியுதுங்களா? ரத்துங்க!" என்று டீன் சார் கத்தினார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அப்போதுதான்.

கோத்தகிரிச் சிறு தேயிலை விவசாயி ஒருவர், பெரிய உருவம், எழுந்து கும்பிட்டார். "சார், நீங்க வெசனப்படாதீங்க. கொஞ்சம் டிலே ஆனா ஆகட்டுமுங்க. பச்சைத் தேயிலைக்கு நல்ல வெலை வருமுன்னு நாங்க எத்தன வருசமா காத்திருக்கறோம். இது என்னங்க?" சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சிலர் கைதட்டினார்கள்.

சத்தியமாகச் சொல்கிறேன், நானும் உட்கார்ந்துதான் இருந்தேன். நேற்று அந்தப் போன் பேச்சைக் கேட்டவள் நான். அப்படியும் உள்ளே ஏதோ ஒன்று, இரு, இது ஒரு மாதிரியான தாமதம்தான் என்றது. அப்பா என் முழங்கையைப் பிடித்தார்.

"எந்திரி புள்ள."

"இருப்பா. இவரு எப்பவும் இப்படித்தான்."

"வாசல்ல லோடு ஆட்டோல இவரு கட்டிலு, கேஸ் அடுப்பு எல்லாம் கட்டி நிக்குது. வரயில பாத்தேன். தோட்டத்துத் தொர கட்டில எறக்கிட்டாருன்னா தோட்டம் மூடியாச்சு. அதுக்கப்புறம் பெரட்டுக் களத்துல வேலைக்குப் பேரு குடுக்க நிக்கிறவன் மடையன். அங்க சிலோன்லயும் பாத்தேன், இஞ்சயும் பாத்தேன். எந்திரி."

எஸ்டேட்டில் வளர்ந்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். எழுந்தேன். அத்தனை நாற்காலிகளுக்கு நடுவே நாங்கள் இரண்டு பேர் மட்டும் நடந்து போனபோது எல்லோரும் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அவசரக்குடுக்கைகள் என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. டீன் சார் என் டி.சி.யைத் தேடி எடுத்தார். என்னிடம் கொடுக்காமல் அப்பா கையில் வைத்து அழுத்தினார்.

"பஸ்ஸுக்கு நிக்காதீங்கண்ணா. வாசல்ல என்ற சாமான் வண்டி நிக்குது. சாமான எறக்கிப் போட்டுட்டு அதுல போங்க."

அழுதுவிடுவேன் என்று பயந்து நான் அவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. படிக்கட்டுக்கு வந்ததும் திரும்பிப் பார்த்தேன். அவர் வரிசைக்குள் இறங்கிவிட்டிருந்தார். ஒவ்வொருவர் கையிலும் டி.சி.யைத் திணித்து, தோளைத் தொட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். "எந்திரிங்க, அய்யா, எந்திரிங்க. அம்மா, புள்ளயக் கூட்டிட்டுப் போங்க." அவர்கள் சிரித்தார்கள். சிலர் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள். அந்தத் தேயிலைக்காரர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து, பக்கத்தில் காலியாக இருந்த எங்கள் நாற்காலியில் அவரை மெதுவாக உட்கார வைத்தார்.

"பதறாதீங்க சார்," என்றார். "நாங்க எங்கயும் போயிர மாட்டோம்."